தண்ணி எங்க போகும்னு பார்க்காம ட்ரெயில் போடாதீங்க

சிட்டிக்குள்ள ஓடறவங்களுக்கும் சைக்கிள் ஓட்டறவங்களுக்கும் சேர்த்து ஒரு ட்ரெயில், அதாவது வண்டி வராத தனிப் பாதை, போடணும்னு கிளம்புற யாருக்காவது உதவும்னுதான் இதை எழுதுறேன். நான் இறங்கினப்போ இதெல்லாம் சொல்றதுக்கு ஆளே இல்ல. தேடினா ஒண்ணு ட்ரோன்ல எடுத்த அழகழகான போட்டோ வருது, இல்லன்னா இன்ஜினியருக்கு இன்ஜினியர் எழுதின கைட்லைன் வருது. காலைல ஓடப் போறோம், மெயின் ரோட்டுல சைக்கிள் எடுத்தா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகணும், வாய்க்கால் கரையோரம் ஒரு நீளமான இடம் புதர் மண்டி சும்மாவே கிடக்கு, அதை சரி பண்ணினா எவ்ளோ நல்லாருக்கும்னு யோசிக்கிற சாதாரண ஆளுக்குன்னு எழுதினது எதுவுமே என் கண்ணுல படல. அதனால வருஷக்கணக்கா லீவு நாள் எல்லாம் இதுக்கே போச்சு, சேமிப்புல பாதிக்கு மேல கரைஞ்சுது, வீட்ல பேச்சு வாங்கினது தனிக்கணக்கு. போட்டது என்னமோ 400 மீட்டர் ட்ரெயில்தான்.

முதல்ல நிலம். கரை ஒரே கரையாதான் நம்ம கண்ணுக்குத் தெரியும், ஆனா வாய்க்கால ஒட்டின பட்டை ஒரு துறை, ரோட்டுப் பக்கம் இன்னொரு ஆபீஸ், நடுவுல பூமிக்கடியில குழாய் போகுது, அந்தக் குழாய்க்கு மேல தோண்டக்கூடாதுன்னு சொல்ல மூணாவதா ஒருத்தர். மூணு பேரும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, ஆனா அவங்ககிட்ட கேட்டுக்கோங்க"ன்னே சொல்லுவாங்க. இந்த சுத்தல்லயே என்கூட சேர்ந்து கிளம்பின குரூப்ல பாதிப் பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க. இது நமக்கு மட்டும்தான் நடக்குதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல அட்லாண்டா சிட்டில பெல்ட்லைன்னு பழைய ரயில் பாதைங்கள சேர்த்து 35 கிலோமீட்டர் வளையமா போட்டுக்கிட்டு இருக்காங்கல்ல, அந்த ஐடியா ரையன் கிரேவல்னு ஒரு மாணவர் 1999ல ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டில எழுதின தீசிஸ்ல வந்தது. எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுற ஈஸ்ட்சைடு ட்ரெயில் திறந்ததே 2012லதான். அதே அமெரிக்காவுல சியாட்டில் சிட்டில பர்க்-கில்மன் ட்ரெயில் 1978ல திறந்தாச்சு, ஆனா நடுவுல ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் விட்டுப்போன துண்டுக்காக பல பத்து வருஷம் கேஸ் நடந்துச்சு. அவங்களுக்கே அந்தக் கதின்னா நம்ம ஃபைல் அலமாரில தூங்குறதுல ஆச்சரியம் இல்ல. நான் சொல்ல வர்றது, இடத்தோட மேப்ப வச்சுக்கிட்டு எந்த அடி யாருக்குச் சொந்தம்னு எழுத்துல வாங்குறதுக்கு முன்னாடி ஒரு புதர்கூட வெட்டாதீங்க. வெட்டினா பழி உங்க தலையிலதான் விழும்.

பெர்மிஷன் வாங்கினதுல ஒரு விஷயம் இருக்கு, அப்போ அதோட வீரியம் யாருக்கும் தெரியல. "குரூப் பேர்ல வேணாம் சார், தனிநபர் பேர்ல ஒரு லெட்டர் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்"னு ஆபீஸ்ல சொன்னாங்க. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க, நான் கையெழுத்துப் போட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

அடுத்து ஜல்லி. எவ்ளோ வேணும்னு கேட்டா மனக்கணக்குல யாருக்கும் சரியா வராது. 400 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், கெட்டிப்படுத்தினதுக்கு அப்புறம் 10 சென்டிமீட்டர் கனம்னு வச்சா 80 கன மீட்டர். உதிரியா வர்றப்போ அது இன்னும் கால் பங்கு கூட வேணும், ஏன்னா அழுத்தினா அமுங்கிடும். ஆக மொத்தம் 100 கன மீட்டர், அதை லாரியில கொண்டு வந்து கொட்டினா அங்கேர்ந்து கரை மேல கொண்டு போறது யாரு? தள்ளுவண்டியும் நாங்களும்தான். கரை மேல லாரி ஏறக்கூடாதுன்னு பெர்மிஷன்லயே கண்டிஷன். சனி ஞாயிறு வந்தாலே முதுகு வலிக்க ஆரம்பிச்சிடும்.

ஆனா அளவவிட முக்கியம் ரகம். வந்த லோடு முழுக்க ஒரே சைஸ் ஜல்லி, அதுவும் உருண்டை உருண்டையா. "ஜல்லி கேட்டீங்க, ஜல்லி வந்திருக்கு"ன்னு சப்ளையர் சொல்லிட்டார், திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். உருண்டைக் கல்லு ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்காது. எவ்ளோ ரோலர் விட்டாலும் மேல கால் வச்சா சரக் சரக்னு நகரும், ஓடறவங்களுக்கு கணுக்கால் பிசகும், சைக்கிள் முன் சக்கரம் புதைஞ்சு தானா திரும்பும். அந்தக் காசு அப்படியே போச்சு. ட்ரெயிலுக்கு வேண்டியது உடைச்ச கல்லு, மூலை மூலையா கூரா இருக்கணும், பெருசுலேர்ந்து தூசி வரைக்கும் எல்லா சைஸும் கலந்து வரணும். ரோடு போடுறவங்க வெட் மிக்ஸ்னு சொல்லுவாங்களே அந்த சங்கதிதான், ஆனா மேல் பரப்புக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல கல்லு இல்லாம, கிரஷர் தூசி நிறைய இருக்குற கலவை. அந்தத் தூசிதான் பசை. லோடு இறக்குறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி எடுத்து லேசா தண்ணி தெளிச்சு இறுக்கிப் பிடிங்க. கையைத் திறந்தா உருண்டை உடையாம நிக்கணும், விரல் இடுக்குல தண்ணி சொட்டக்கூடாது, கட்டை விரலால அழுத்தினா ரெண்டா உடையணும். அந்த ஈரத்துலதான் காம்பாக்டர், அதாவது ஜல்லிய அமுக்குற மெஷின், ஓட்டணும். காய்ஞ்சு கிடக்கும்போது ஓட்டினா தூசி பறக்கும், அவ்ளோதான். ஒரே தடவையா கொட்டி அமுக்காம ரெண்டு அடுக்கா போடுங்க. கீழ மண்ணு சேறாகுற இடம்னா ஜல்லிக்கு அடியில ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சிடுங்க. அதைப் போடாத இடத்துல கல்லு கீழ போகும், சேறு மேல வரும், ஒரு சீசன்ல நீங்க கொட்டின காசு மண்ணுக்குள்ள போயிடும்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். ரோட்டுலேர்ந்து கரைக்கு இறங்குற இடத்துல ஒரு சரிவு. அதுல நேரா இறக்கிடலாம், தூரமும் கம்மி, பார்க்கவும் ரோடு மாதிரி இருக்கும்னு மேற்பார்வைக்கு வந்தவர் சொன்னார், அப்படியே போட்டாச்சு. முதல் பெரிய மழை ராத்திரி பெய்ஞ்சுது. காலைல போய்ப் பார்த்தா சரிவோட நடுவுல முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், தூசியெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போய் பெரிய கல்லு மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது, கீழ எங்க புது ட்ரெயில் மேல சேறு ஒரு திட்டா படிஞ்சிருக்கு. தலையில கை வச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன், அழுகைதான் வந்துச்சு, சொல்றதுக்கு என்ன.

அதுக்கப்புறம்தான் மலை சைக்கிள்காரங்க எவ்ளோ காலமா இதோட மல்லுக்கட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. 1988ல ஆரம்பிச்ச இம்பான்னு ஒரு சர்வதேச மலை சைக்கிள் சங்கம் இருக்கு, அவங்க சொல்லித்தர்ற பாதி விதின்னு ஒண்ணு இருக்கு, தங்கமான விதி. சரிவுக்குக் குறுக்கா போற ட்ரெயிலோட ஏற்றம் அந்தச் சரிவோட ஏற்றத்துல பாதிக்கு மேல போகக்கூடாது. சரிவு 16 சதவீதம்னா, அதாவது 100 மீட்டர் போனா 16 மீட்டர் ஏறுதுன்னா, ட்ரெயில் 8 சதவீதத்துக்குள்ள. அதைத் தாண்டினா தண்ணிக்கு ட்ரெயிலக் குறுக்கா கடந்து போறதவிட ட்ரெயில் வழியாவே ஓடறது சுலபமாயிடும், அது சுலபமான வழியத்தான் எடுக்கும். மொத்த ட்ரெயிலுக்கும் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னும் சொல்றாங்க. இது மண் ட்ரெயிலுக்கு. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் வரணும்னா 5 சதவீதத்துக்குள்ள நிக்கப் பாருங்க. நாங்க நேர் பாதைய மூடிட்டு சரிவுல படுத்த மாதிரி வளைச்சு வளைச்சு இறக்கினோம். தூரம் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, வேலையும் முதல்லேர்ந்து. ஆனா அடுத்த மழைல ஒரு கைப்பிடி மண்ணு போகல.

அதோட இன்னும் ரெண்டு வேலை. ஒண்ணு, இறங்கிக்கிட்டே இருக்குற ட்ரெயில் நடுநடுவுல கொஞ்சம் ஏறி திரும்ப இறங்கணும். அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கி வேகம் எடுக்குறதுக்கு முன்னாடியே வெளிய போயிடும். சைக்கிள்காரங்களுக்கு அது ஒரு ஜாலியான குலுக்கலும்கூட. இன்னொண்ணு வாட்டம். ட்ரெயிலோட குறுக்குல ஒரு பக்கமா 5 சதவீதம் சாய்வு, தாரோ கான்கிரீட்டோ போட்டா 2 சதவீதம் போதும். கண்ணால பார்த்து வாட்டம் வச்சா ஏமாந்துடுவீங்க. 1 மீட்டர் நீளத்துக்கு நேரான ரீப்பர் கட்டை எடுத்து, தாழ்வான முனைக்கு அடியில சரியா 5 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு கட்டைய ஆணியடிச்சு, மேல ரசமட்டம் வச்சுப் பாருங்க. குமிழி நடுவுல நின்னா 5 சதவீதம். இதுக்கு மேல எந்த மெஷினும் வேணாம். முடிச்சதும் ஒரு வாளித் தண்ணி ஊத்திட்டு பேசாம நின்னு பாருங்க. எங்க கரைல வாய்க்கால் பக்கம் வாட்டம் விடக்கூடாது, கரை அரிச்சிடும்னு துறைல கண்டிப்பா சொல்லிட்டாங்க, அது நியாயமும்கூட, அதனால புல்லு இருக்குற உள்பக்கம் விட்டோம். உங்க இடத்துல எந்தப் பக்கம்னு கேட்டுக்கோங்க, நீங்களே முடிவு பண்ணாதீங்க.

மரத்தப் பத்தி ஒரு வார்த்தை. வழியில பெரிய மரம் இருந்தா வேரை வெட்டிட்டு சமமா போடலாம்னு கூட வர்றவங்க கடப்பாரையோட நிப்பாங்க. அடிமரத்தோட குறுக்களவ 12ஆல பெருக்குங்க, அந்த தூரம் வரைக்கும் சுத்தி தோண்டக்கூடாத இடம். 40 சென்டிமீட்டர் மரம்னா கிட்டத்தட்ட 5 மீட்டர். வேர்ல பெரும்பகுதி மேல் மண்ணுலயே படர்ந்திருக்கும், அதை வெட்டினா மரம் உடனே சாகாது, சில வருஷம் கழிச்சு காத்துல ஓடறவங்க மேல சாயும். அதுக்கு மேலயே தார் போட்டாலும் வேர் தூக்கி விரிசல் விடும், சைக்கிள் டயருக்கு அது சின்ன சுவர் மாதிரி. வேர் இருக்குற இடத்துல தோண்டாம, தேன்கூடு மாதிரி விரியுற பிளாஸ்டிக் ஜியோசெல்ல மண்ணு மேலயே விரிச்சு அதுக்குள்ள ஜல்லி நிரப்பி ட்ரெயில லேசா உயர்த்திடலாம். விலை கூடத்தான், எங்களுக்கும் ஒரு மரத்துக்கிட்ட மட்டும்தான் கட்டுப்படி ஆச்சு. மத்த இடத்துல வளைச்சுப் போயிட்டோம்.

இனி அந்த லெட்டர். திறந்த கொஞ்ச நாள்ல பைக் உள்ள வருதுன்னு புகார் வந்து, நுழையுற இடத்துல நடுவுல இரும்புக் கம்பம் ஒண்ண நட்டுட்டுப் போயிட்டாங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சாம்பல் கலர் கம்பம், ரிஃப்ளெக்டர் கிடையாது, முன்னாடி போறவங்க மறைச்சா தெரியவே தெரியாது. இருட்டோட சைக்கிள்ல வந்த ஒருத்தர் அதுல மோதி தோள்பட்டை எலும்பு உடைஞ்சுது. அவர் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாங்க, பெர்மிஷன் லெட்டர்ல இருக்குற பேருக்கு. அதாவது எனக்கு. கம்பம் நட்டது யாருன்னு நிரூபிக்க நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, எதிரிக்கும் வரக்கூடாது. வக்கீல் ஃபீஸ் மட்டும் அந்த வீணான ஜல்லியவிட அதிகம். கடைசில என் பேரை எடுத்துட்டாங்க, ஆனா அத்தனை மாசம் தூக்கமே இல்ல. அடிபட்டவர் மேல எனக்குக் கோபம் கிடையாது, அவருக்கு எலும்பு உடைஞ்சிருக்கு, யாரையாவது கேக்கத்தானே செய்வார். ஆகவே, பதிவு பண்ணின சங்கம் பேர்லதான் பெர்மிஷன் வாங்குங்க, எவ்ளோ லேட் ஆனாலும் சரி. பொதுமக்களுக்கு அடிபட்டா ஈடுகட்டுற இன்சூரன்ஸ் எடுங்க. யார் என்ன மாத்தினாலும் எழுத்துல தெரியப்படுத்தணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி போடுங்க. வாரம் ஒருதடவை தேதியோட போட்டோ எடுத்து வைங்க, என்னைக் காப்பாத்தினது அதுதான்.

கம்பம் விஷயத்துல அமெரிக்காவுல மாநில ரோட்டுத் துறை அதிகாரிங்களோட சங்கமான ஆஷ்டோ போட்ட கைட்லைனே, வண்டி உள்ள வர்ற பிரச்சனை நிஜமாவே இருக்குன்னு உறுதியாகாம கம்பம் நடாதீங்கன்னுதான் சொல்லுது. அதுக்குப் பதிலா நுழையுற இடத்துல பாதைய ரெண்டா பிரிச்சு நடுவுல தாழ்வான செடி வைக்கலாம். நட்டே ஆகணும்னா பளிச்னு கலர், ரிஃப்ளெக்டர், ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் இடைவெளி, தரையில முன்னாடியே கோடு.

ஓடறவங்களும் சைக்கிள்காரங்களும் ஒரே பாதைல போனா சண்டை வரும், வந்தே தீரும். ரெண்டு பக்கமும் போக்குவரத்து இருந்தா 3 மீட்டர் அகலம் குறைஞ்சபட்சம், ஓரத்துல 60 சென்டிமீட்டர் தடையில்லாம விடணும், தலைக்கு மேல கிளை 3 மீட்டருக்குக் கீழ தொங்கக்கூடாது. எங்களுக்கு நிலம் கிடைச்சது 2 மீட்டருக்குத்தான், அதனால வேகத்தக் குறைக்குறதத் தவிர வழியில்ல. மணிக்கு 30 கிலோமீட்டர்ல வர்ற சைக்கிள் ஒரு செகண்டுக்கு 8 மீட்டருக்கு மேல போகுது. ஆளைப் பார்த்து பிரேக் பிடிக்கணும்னு மூளை முடிவு பண்ண ரெண்டரை செகண்டுன்னு கணக்கு வைப்பாங்க, அதுக்குள்ள 20 மீட்டர் போயாச்சு, பிரேக்கே இன்னும் ஆரம்பிக்கல. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஓடறவருக்கு பெல் சத்தமும் கேக்காது. அதனால வளைவுல உள்பக்கப் புதர இடுப்புக்குக் கீழ வெட்டி வைக்கிறதுதான் நாங்க செஞ்சதுலயே மலிவான, பலன் அதிகமான வேலை, ஒரு போர்டும் அதுக்கு ஈடாகாது. நிலம் இருக்குறவங்க அமெரிக்காவுல டல்லாஸ் சிட்டில இருக்குற கேட்டி ட்ரெயில் மாதிரி கான்கிரீட்டுக்குப் பக்கத்துலயே ஓடறவங்களுக்குன்னு தனியா மெத்துன்னு ஒரு தளம் போட்டுடுங்க, பாதி சண்டை தீர்ந்துடும். ஓடறவங்க முட்டிக்கும் நல்லது.

சின்ன விஷயம் ஒண்ணு, மரப்பலகைல பாலம் போட்டா பலகை போற திசைக்குக் குறுக்கா இருக்கணும், நீளவாட்டுல போட்டா இடுக்குல டயர் சிக்கும். வடிகால் மூடிக் கம்பியும் அப்படித்தான். நனைஞ்ச பலகைல சைக்கிளத் திருப்பினா வழுக்கும், பாலத்து வாசல்லயே வளைவு வைக்காதீங்க.

பராமரிப்புக்கு ஆள் கிடைக்காது. திறப்பு விழாவுக்கு போட்டோ எடுக்க கூட்டம் நெரியும், புல்லு வெட்டக் கூப்பிட்டா நானும் இன்னும் ரெண்டு மூணு பேரும்தான். பழகப் பழக தாழ்வான ஓரத்துல மண்ணு திட்டா சேர்ந்து வாட்டத்த அடைச்சுக்கும், தண்ணி வெளிய போக முடியாம திரும்ப ட்ரெயில் மேல ஓடும். அந்தத் திட்ட மழைக்காலத்துக்கு முன்னாடி மண்வெட்டியால சீவி விட்டா போதும், அதைச் செய்யாதவங்கதான் மறுபடி லாரி லாரியா ஜல்லி வாங்குறாங்க. பணம் திரட்டும்போதே போடுற செலவோட அஞ்சு வருஷப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்க. கேக்க, எத்தனை பேர் வர்றாங்கங்கற கணக்கு வேணும். ஆள் கடந்தா தானா எண்ணுற இன்ஃப்ராரெட் கவுன்டர் வச்சா ஜோடியா போறவங்கள ஒருத்தரா எண்ணும், அதனால சில நாள் ஆள் உட்கார்ந்து கையால எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கணும். ஓடறதையும் சைக்கிள் ஓட்டறதையும் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்போட மேப்ப மட்டும் நம்பாதீங்க, வேலைக்கு சைக்கிள்ல போறவரும் சாயங்காலம் நடக்குற தாத்தாவும் அதுல வரமாட்டாங்க, எங்க ட்ரெயில்ல அவங்கதான் அதிகம்.

இப்ப எதிர்க்கரைக்கும் போட்டுத் தாங்கன்னு அந்தப் பக்கத்து ஆளுங்க கேக்குறாங்க. சங்கத்தப் பதிவு பண்ணிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஒரு மழை பெய்ஞ்சா குடையோட போய் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன், அந்த மேப் வந்தப்புறம்தான் ஜல்லிக்கு விலையே கேப்பேன்.